சுத்தம் செய்து அனுப்பிய காளான்

ஹெல்சிங்கி
12 செப்டம்பர் 1976

அன்புள்ள இர்யா அக்காவுக்கு,

உருளைக்கிழங்கு தோண்டும் நேரத்தில் கடிதம் போட்டு உன் வேலையைக் கெடுப்பதற்கு மன்னித்துக்கொள். நான் எழுதினாலே ஏதோ கேட்கப்போகிறேன் என்று நீ சொல்வாய். இந்த முறை கேட்பதற்கு முன் கொடுப்பதற்கும் ஒன்று இருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு வந்து படி. அப்பாவின் மார்புவலி எப்படி இருக்கிறது? உன் முதுகு?

மே மாதம் அப்பா ஓடைக்காட்டிலிருந்து காபி டப்பாவில் அனுப்பினாரே, விழுந்த ஸ்புரூஸ் மரத்தில் முளைத்த வெள்ளைக் காளான், அடிப்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் துளை துளையாக இருந்ததே, அதைப் பற்றித்தான். போன வாரம் அருங்காட்சியகத்தில் எங்கள் பேராசிரியர் ஸ்டென்வால் ஐயா அதை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு வெகுநேரம் தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி கார்ப்பினென், இதை யார் எடுத்தது?"

"எங்க அப்பா" என்றேன்.

"அவர் என்ன வேலை பார்க்கிறார்?"

"மரம் வெட்டினார். இப்ப முடியல."

"அவர்கிட்ட சொல்லுங்க, அவர் பேர் இனிமே லத்தீன்ல இருக்கும்னு."

அக்கா, அது புதுச் சிற்றினம் மட்டும் இல்லையாம். இதுவரை இருக்கும் எந்தப் பேரினத்திலும் அடங்காததாம். அதற்காகவே புதிதாக ஒரு பேரினம் வைக்கப்போகிறார். பேரினத்தின் பெயர் நீளமானது, அதை விடு. சிற்றினத்துக்கு நம் குடும்பப் பெயரிலிருந்து 'கார்ப்பினெனி'.

அப்பாவிடம் மெதுவாகச் சொல். அதே மரத்தில் இன்னும் இருந்தால் கொஞ்சம் எடுத்து அனுப்பச் சொல்.

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டு,
ரைலி


கோர்பிவாரா
3 அக்டோபர் 1976

அன்புள்ள ரைலிக்கு,

நாங்கள் நலம். கிழங்கு எல்லாம் நிலவறைக்குப் போய்விட்டது. முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. டப்பா தனியாக வருகிறது.

மெதுவாகச் சொல் என்று எழுதியிருந்தாய். நான் கடிதத்தை மடிப்பதற்குள் அவர் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூட்டுறவுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன், வழியில் விழுந்துவிடுவாரோ என்று.

"உன் பேர்ல காளானாமே தாவெத்தி. திங்கலாமா?" என்றாள் கடைக்கார ஹில்மா.

"திங்க முடியாது. கட்டை மாதிரி இருக்கும்."

"அப்ப உன் பேர் சரிதான்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதை உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

இதையும் எழுதவேண்டும். ஓடைக்காட்டை மரக் கம்பெனிக்குக் கொடுப்பதாக ஆகஸ்டில் பேசி முடித்தது உனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் அப்பா தேவாலயம் இருக்கும் பெரிய கிராமத்தில் வெந்நீர்க் குழாய் உள்ள வீட்டுக்குப் போவது, நான் ஸ்வீடனுக்குப் போவது என்பது ஏற்பாடு. அங்கே எனக்காகக் காத்திருக்கும் ரெயோ, பூரோஸ் நெசவாலையில் எனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறான். வியாழக்கிழமை கம்பெனி ஆள் லெஸ்கெலா மரங்களுக்குக் குறி போட வந்தார். அப்பா அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்.

"கைகுலுக்கியாச்சே, தாவெத்தி."

"கைகுலுக்கினது மரத்துக்கு. என் பேருக்கு இல்ல."

"என்னய்யா பேசற நீ?"

"அங்க என் பேர் முளைச்சிருக்கு. உலகத்துல வேற எங்கயும் இல்ல. ரம்பம் வைக்க விடமாட்டேன்."

லெஸ்கெலா என்னைப் பார்த்தார். நான் காபிப் பாத்திரத்தைப் பார்த்தேன்.

ரைலி, எனக்கு இந்த நுண்ணோக்கிச் சமாசாரம் புரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அது நிஜமாகவே வேறெங்கும் இல்லாத புதுப் பொருள்தானா? இல்லை என்று நீ சொன்னால் அவர் கேட்பார். நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார்.

குளிர் வருவதற்குள் நல்ல காலணி வாங்கிக்கொள்.
இர்யா


ஹெல்சிங்கி
7 நவம்பர் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். நான் நலம், காலணி வாங்கிவிட்டேன். இங்கே பனி விழுந்து விழுந்து கரைகிறது, ஒரு நாளும் நிற்பதில்லை.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். முன்பெல்லாம் அடியில் துளை இருந்தால் போதும், எல்லாக் காளானையும் ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார்கள். கொம்புள்ளதெல்லாம் மாடு என்பதுபோல. ஸ்டென்வால் ஐயா இருபது வருடமாக அந்தக் குவியலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். துளையைப் பார்க்காமல் உள்ளே ஓடும் இழையைப் பார்க்கிறார். சிலவற்றில் மெல்லிய இழை, கணுவுக்குக் கணு சின்ன முடிச்சு இருக்கும். சிலவற்றில் முடிச்சே இல்லாத தடித்த பழுப்பு இழை இருக்கும். நம்முடையதில் வெள்ளையான மெல்லிய முடிச்சு இழையும் இருக்கிறது, தடித்த பழுப்பு இழையும் இருக்கிறது. இந்த இரண்டும் இந்த விதமாகச் சேர்ந்து வேறெதிலும் இல்லை. அதனால்தான் புதுப் பேரினம். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது.

நீ அனுப்பிய இரண்டாவது டப்பாவும் வந்தது. எல்லாத் துண்டுகளும் மிக அழகாக இருந்தன, கடையில் வாங்கியதுபோல. அக்கா, சும்மாதான் கேட்கிறேன். அனுப்புவதற்கு முன் அப்பா அதை ஏதாவது செய்தாரா?

மார்ச்சில் இங்கே உதவியாளர் பதவி ஒன்று நிரந்தரமாகப் போகிறது. நாங்கள் மூன்று பேர் போட்டி. மற்ற இருவரின் அப்பாக்களும் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். இடைவேளையில் அவர்கள் பேசிக்கொள்வார்கள், நான் கோப்பைகளைக் கழுவுவேன்.

அப்பாவுக்கு மாத்திரையை நினைவுபடுத்து.
ரைலி


கோர்பிவாரா
28 நவம்பர் 1976

அன்புள்ள ரைலிக்கு,

இங்கே குளிர் நன்றாகப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு இருமல், மற்றபடி நலம்.

நீ கேட்டதை அவரிடம் படித்துக் காட்டினேன். கோபம் வந்துவிட்டது.

"ஏதாவது செஞ்சேனான்னா? சுத்தம் செஞ்சேன். பின்ன, காட்டு அழுக்கோடயா பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவாங்க?"

"எப்படிச் செஞ்சீங்கன்னு கேக்கறா."

"காளான எப்படிச் செய்வாங்களோ அப்படி. எடுத்த இடத்துலயே உட்கார்ந்து கத்தியால. எங்கம்மா சொல்லிக்குடுத்த மாதிரி."

உனக்கும் தெரியுமே, இந்த ஊரில் யாரும் காளானை அழுக்கோடு கூடையில் போடமாட்டார்கள். உப்பில் ஊறப்போடும் காளானுக்கும் ஒரே கத்தி, உன் கட்டைக் காளானுக்கும் அதே கத்தி. நான் கூட இருந்தேன், அதனால் சொல்கிறேன். வெள்ளைக் காளானுக்கு அடியில், பட்டையோடு ஒட்டிக்கொண்டு, செத்துப்போன பழைய பழுப்புக் காளான் ஒன்று தட்டையாக இருந்தது. அதன் முதுகில்தான் வெள்ளை உட்கார்ந்திருந்தது. அப்பா அந்தப் பழசைச் சுரண்டிச் சுரண்டி ஓடையில் போட்டார். முழுவதும் வரவில்லை, கொஞ்சம் வெள்ளையோடு ஊறிப்போயிருந்தது. மீதியைத் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். எல்லாத் துண்டும் அப்படித்தான். போதுமா?

இப்போது என் கேள்வி. மரத்தைச் சதுப்பு வழியாகத்தான் இழுக்கவேண்டும். சதுப்பு உறைந்தால்தான் வண்டி தாங்கும். மார்ச் கடைசி வரை தாங்கும் என்று லெஸ்கெலா சொல்கிறார். அதுவரை எங்கள் காட்டுக்காக ஆட்களை ஒதுக்கி வைத்திருப்பாராம். ரெயோவும் ஈஸ்டர் வரை காத்திருப்பேன் என்கிறான். எனக்கு முப்பத்தாறு வயது. நான் இந்தத் தொழுவத்தில் பன்னிரண்டு வயதில் நுழைந்தேன், அதற்காக யாரையும் ஒன்றும் சொன்னதில்லை.

அது நிஜமாகவே புதுசா என்று ஒரே வார்த்தை எழுது. ஆம், அல்லது இல்லை.
இர்யா


ஹெல்சிங்கி
19 டிசம்பர் 1976

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இரண்டு பேரும் சுகமாக இருக்கவேண்டும். விடுமுறையில் வரமுடியவில்லை, அருங்காட்சியகத்தில் வேலை மிகுதியாக இருக்கிறது. அப்பாவுக்குக் கையுறை அனுப்பியிருக்கிறேன். அக்காவுக்குக் காபி, நல்ல வறுவல்.

இத்துடன் அச்சான கட்டுரை இருக்கிறது. நான்காம் பக்கத்தில் அப்பாவின் பெயர். சேகரித்தவர் என்ற இடத்தில் முழுப்பெயராகவும் இருக்கிறது.

அக்கா, நீ கேட்டதைப் பற்றி. அதற்கெல்லாம் ஸ்டென்வால் ஐயாதான் பதில் சொல்லக்கூடியவர். அச்சில் வந்திருப்பதை நீயே பார்க்கலாம்.

இங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது.
ரைலி


கோர்பிவாரா
30 ஜனவரி 1977

ரைலிக்கு,

அப்பா நலம். காபி நன்றாக இருந்தது.

அப்பா அந்த நான்காம் பக்கத்துக்குச் சட்டம் போட்டு, கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ஆணிக்காக அம்மாவின் படத்தை ஒரு சாண் நகர்த்தினார். வருகிறவர்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டு அதைப் படிக்கிறார்கள், ஒரு எழுத்தும் புரியாமல்.

லெஸ்கெலா மறுபடி வந்தார். விலையை ஏற்றிச் சொன்னார். அப்பா அவரைச் சட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, "படி" என்றார்.

"லத்தீன் எனக்கு எங்க தெரியும்?"

"எனக்கும் தெரியாது. ஆனா அதுல நான் இருக்கேன். உன் கம்பெனிக் காகிதத்துல நீ இருக்கியா?"

அவர் போன பிறகு நான் தொழுவத்தில் பால் கறந்துகொண்டே யோசித்தேன். நான் படிக்காதவள், ஆனால் உன்னை வளர்த்தவள். சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு, "ஜாடி கடையில கிடைக்குமா அக்கா?" என்று சும்மா கேட்பாயே, அதே மாதிரிதான் "சும்மாதான் கேட்கிறேன், அப்பா ஏதாவது செய்தாரா" என்று கேட்டிருக்கிறாய். நான் விவரமாக எழுதினேன். அதற்குப் பிறகு நீ காளானைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இருட்டைப் பற்றி எழுதுகிறாய்.

மேலே ஒன்று, கீழே செத்த ஒன்று. நடுவில் ஊறிப்போனதை அப்பா சுரண்டி ஒன்றாக்கிவிட்டார். மெல்லிய இழை மேலே இருப்பதனுடையது, தடித்த பழுப்பு இழை செத்ததனுடையது. அப்படித்தானே? ஒரு பாலில் இன்னொரு பால் கலந்தால் புது மாடு பிறந்துவிட்டதென்று யாரும் சொல்வதில்லை.

நான் சொன்னது தப்பென்றால் தப்பென்று எழுது. சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறேன். சரியென்றால், அப்பாவுக்கு நீ உன் கையால் நாலு வரி எழுது. பனி இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.
இர்யா


கோர்பிவாரா
20 மார்ச் 1977

ரைலி,

உன் கடிதம் வரவில்லை. தபால்காரர் நான் வாசலில் நிற்பதைப் பார்த்தாலே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

பகலில் கூரையிலிருந்து சொட்டுகிறது. சதுப்பு இரவில் இறுகுகிறது, மதியம் முனகுகிறது. லெஸ்கெலாவின் ஆட்கள் பக்கத்துக் காட்டில் இருக்கிறார்கள், ரம்பச் சத்தம் கேட்கிறது. வெள்ளிக்கிழமை அவர்கள் கிளம்புகிறார்கள்.

உடம்பு சரியில்லை என்றால் அதையாவது எழுது.
இர்யா


ஹெல்சிங்கி
24 ஏப்ரல் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். தொண்டையில் வீக்கம், இப்போது பரவாயில்லை. அப்பா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்?

உதவியாளர் பதவி எனக்குக் கிடைத்துவிட்டது. அறிவித்த அன்று ஸ்டென்வால் ஐயா எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். எனக்கென்று ஒரு மேசை, சன்னலோரம். கோப்பைகளை இப்போது புதிதாக வந்த பெண் கழுவுகிறாள்.

இங்கே பனி முழுவதும் போய்விட்டது. அங்கேயும் போயிருக்கும்.
ரைலி


கோர்பிவாரா
15 மே 1977

ரைலிக்கு,

பதவிக்கு வாழ்த்துகள். அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பனி போய்விட்டது. சதுப்பில் இப்போது ஆளே நடக்கமுடியாது. ரெயோ பூரோஸில் அந்த அறையைக் காலி செய்துவிட்டானாம், அவன் அக்கா சொன்னாள். யாரோடு எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரெயோ இல்லாவிட்டாலும் ஆலை இருக்கிறது. டிசம்பரில் லெஸ்கெலா மறுபடி இந்தப் பக்கம் வருவார்.

அப்பா தினமும் கோலை ஊன்றிக்கொண்டு ஓடைக்காட்டுக்குப் போய் அந்த விழுந்த மரத்தருகே உட்கார்ந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது. மருத்துவர் போகவேண்டாமென்கிறார். நேற்று நானே ஆரம்பித்துப் பார்த்தேன்.

"அப்பா, அது ஒருவேளை புதுசா இல்லாமலும் இருக்கலாம்."

"யார் சொன்னா?"

"எனக்குத் தோணுது."

"உனக்குத் தோணும். காட்ட விக்கணும்னா உனக்கு என்ன வேணா தோணும். ரைலி சொல்லட்டும், கேக்கறேன். அவளுக்கு அப்படித் தெரிஞ்சா அன்னைக்கே எனக்கு எழுதிருவா. உன்ன மாதிரி மனசுக்குள்ள பூட்டி வெச்சுக்கறவ இல்ல அவ."

நான் அவர் காலணியைக் கழற்றிவிட்டேன்.

இதற்குப் பதில் எழுதவேண்டும் என்பதில்லை.
இர்யா


ஹெல்சிங்கி
2 அக்டோபர் 1977

அன்புள்ள இர்யா அக்காவுக்கு,

நீ பதில் கேட்கவில்லை. இருந்தும் எழுதுகிறேன், அதற்காக மன்னித்துக்கொள். அப்பாவின் மூச்சு எப்படி இருக்கிறது? கிழங்கு தோண்ட யாராவது உதவிக்கு வந்தார்களா?

ஆகஸ்டில் ஓஸ்லோவிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் எழுதினார். நம் துண்டை இரவல் வாங்கிக் குறுக்காக வெட்டிப் பார்த்திருக்கிறார். நீ தொழுவத்தில் யோசித்ததைத்தான் அவரும் எழுதியிருந்தார், ஏறக்குறைய உன் வார்த்தைகளில். மேலே இருப்பது பெயர் வைக்கப்பட்ட பழைய சிற்றினம், நார்வேயில் எங்கும் உண்டு. கீழே இருப்பது எல்லாக் காட்டிலும் உள்ளது. புதுப் பேரினம் என்று ஒன்று இல்லை.

ஸ்டென்வால் ஐயா திருத்தம் ஒன்று எழுதுகிறார், நவம்பரில் வரும். நான்தான் தட்டச்சு செய்தேன். 'சேகரித்தவரின் கவனக்குறைவால் இரு காளான்களின் பொருள் கலந்துவிட்டது' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. அவர் அறைக்குப் போனேன்.

"அய்யா, எங்க அப்பா எதையும் கலக்கல. அது காட்டுலயே அப்படித்தான் வளருது. அவர் சுத்தம் மட்டும்தான் செஞ்சார்."

"புரியுது. சரி, யாரோட கவனக்குறைவுன்னு போடலாம், செல்வி கார்ப்பினென்? நீங்களே சொல்லுங்க."

கோபமாகக் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நான் திரும்பி வந்து அந்த வரியைத் தட்டச்சு செய்தேன்.

பெயரை அழிக்கமுடியாது என்பது எங்கள் விதி. ஒருமுறை அச்சில் வந்த பெயர் எப்போதும் பட்டியலில் இருக்கும். அந்தப் பழைய சிற்றினத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், செல்லாத பெயர்களோடு 'கார்ப்பினெனி' இருக்கும்.

உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் நவம்பர் கடிதம் வந்த அன்றே நான் துண்டைக் குறுக்காக வெட்டிப் பார்த்தேன். நடுவில் இரண்டு காளானையும் பிரிக்கும் கோடு தெரிந்தது. ஸ்டென்வால் ஐயாவிடம் சொன்னேன். "அச்சுக்குப் போனதை நிறுத்த முடியாது. மார்ச் வரைக்கும் பொறுமையா இருங்க, அது உங்களுக்கும் நல்லது" என்றார். நான் பொறுமையாக இருந்தேன். ஜனவரியில் உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு தினமும் டிராமில் போய்வந்தேன். எடுத்தெடுத்து வைத்ததில் கிழிந்த அந்தப் பையை இன்னும் தைக்கவில்லை. உன் சதுப்பு எப்போது உருகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் அங்கே பிறந்தவள்தானே.

நீ கேட்ட நாலு வரியை அப்பாவுக்குத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அது புதுசு இல்லை, காட்டை விற்கலாம், அவர் மேல் தவறில்லை என்று தெளிவாக இருக்கிறது. திருத்தம் வருவதற்கு முன் அவருக்கு இது தெரியவேண்டும். லெஸ்கெலாவுக்கும் இப்போதே சொல்லிவிடு, டிசம்பரில் முதல் ஆளாக வரட்டும். பூரோஸ் ஆலைக்கு நானே எழுதிக் கேட்டேன், பதில் வந்ததும் அனுப்புகிறேன். சட்டத்தைக் கழற்றினால் அம்மாவின் படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டிவிடு.

உன் முதுகுக்குத் தைலம் வைத்திருக்கிறேன். இரவில் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்.

நான் எழுதினாலே ஏதோ கேட்பேன் என்று நீ சொல்வது சரிதான். அப்பாவின் தாளில் 'இப்போதுதான் தெரியவந்தது' என்று எழுதியிருக்கிறேன். கண் மங்கிவிட்ட அவரால் இப்போது படிக்க முடியாது, நீதான் படித்துக் காட்டுவாய். அந்த வார்த்தையை எழுதியபடியே படி, அக்கா.

ரைலி